மிளகாயைக் காயாகச் சமைக்கும் ஊர்

மதுரை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டானிலிருந்து திரும்பி நான்கு நாள்தான் ஆகிறது. முழங்கால் இன்னும் கெஞ்சுகிறது; அதன் கதை பின்னால் வருகிறது. பேத்தி பிறந்த செய்தி படித்து இருவருக்கும் மகிழ்ச்சி. யார் ஜாடை என்று எழுதவே இல்லையே?

"அங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்களா, பார்த்துச் சொல்" என்று கேட்டிருந்தாய். முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நமக்கு மிளகாய் காரத்துக்கு. அவர்களுக்கு அதுதான் காய். அந்தக் கறியின் பெயர் எமா தட்சி; எமா என்றால் மிளகாய், தட்சி என்றால் பாலாடைக்கட்டி. மிளகாயை நீளவாக்கில் கீறிப் பாலாடைக்கட்டியோடு வேகவைத்துச் சிவப்பரிசிச் சோற்றுடன் வைக்கிறார்கள். குண்டூரில் பத்து வருடம் சாப்பிட்டவன் நான்; மூன்றாவது கவளத்தில் தண்ணீர் கேட்டேன். பாரோவில் கூரைக்குக் கூரை மிளகாய் காய்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் டோமா நீட்டினார்கள். சுண்ணாம்பு தடவிய வெற்றிலை, பாக்கு! சொந்தக்காரரைக் கண்டதுபோல வாங்கி வாயில் போட்டேன். அது நம் கொட்டைப்பாக்கு இல்லை, ஊறிப் புளித்த ஈரப்பாக்கு. நாற்றம் மூக்கைத் தூக்க, அந்தக் குளிரிலும் உடம்பு குப்பென்று வியர்த்தது. வண்டி ஓட்டியவர் விழுந்து விழுந்து சிரித்தார். நீ கேட்ட சிரிப்பு அதுதான்.

வீட்டுச் சுவர்களில் ஆண்குறி ஓவியங்கள் இருந்தன. சரசுவதி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணேறு படாமலிருக்க, நம் திருஷ்டிப் பூசணி மாதிரி என்று வழிகாட்டி விளக்கியதும் அவளே படம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மொத்த உற்பத்தியைவிட மக்களின் மொத்த மகிழ்ச்சியே முக்கியம் என்று நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் 1970களில் சொன்னதை நீயும் படித்திருப்பாய். எனக்கு அந்தச் சொல்லைவிட, வேண்டாம் என்று சொல்லும் அவர்களின் துணிச்சல்தான் பிடித்தது. 7,570 மீட்டர் உயரமுள்ள காங்கர் புன்சும் உச்சியில் இதுவரை மனிதக் கால் பட்டதில்லை. மலைகள் தெய்வங்களின் இருப்பிடம் என்று மலையேற்றத்தையே தடை செய்துவிட்டார்கள். தொலைக்காட்சி வந்ததே 1999இல்தான். தலைநகர் திம்புவில் சிக்னல் விளக்கு கிடையாது. நாற்சந்தியில் வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர் நாட்டியம்போல் கைகாட்டுகிறார். நாட்டில் குறைந்தது 60 சதவீதம் எப்போதும் காடாகவே இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த 'வேண்டாம்' மனிதர்கள் மேலும் விழுந்திருக்கிறது, சண்முகம். தெற்கே வாழ்ந்த நேபாளி பேசும் லோட்சம்பாக்களும் பொது இடங்களில் ஆண்கள் முழங்கால்வரை வரும் 'கோ', பெண்கள் 'கிரா' என்று பூட்டான் உடையையே அணிய வேண்டும் என்றார்கள். பலருடைய குடியுரிமை பறிபோனது. 1990களில் ஒரு லட்சம் பேர் அளவுக்கு நேபாளத்தின் அகதி முகாம்களில் போய்க் கிடந்தார்கள். பெரும்பாலோர் பிறகு அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியேறினார்கள். வழிகாட்டியிடம் இதைக் கேட்டேன். அவர் எதிரிலிருந்த மலையின் பெயரைச் சொன்னார். அதன்பிறகு நானும் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இனி முழங்கால். பௌத்த குரு பத்மசம்பவர் பெண்புலி மேல் பறந்து வந்து தவம் செய்ததாகச் சொல்லும் மலைக்குகை ஒன்று பாரோவில் இருக்கிறது. அங்கே 1692இல் கட்டிய மடம் தக்த்சங். 1998இல் தீப்பிடித்து எரிந்ததைப் பழையபடியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பாதி வழி குதிரை கிடைக்கும்; சரசுவதி ஏறிக்கொண்டாள், நான் வீம்புக்கு நடந்தேன். மடம் கண்ணுக்கு நேரே வந்துவிட்டது என்று நிம்மதியடையும் இடத்தில், படிகள் அருவிவரை கீழே இறங்கி மறுபடி ஏறுகின்றன! உள்ளே செல்பேசி கூடாது. விளக்கு வெளிச்சத்தில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எத்தனை வருடமாயிற்று அப்படி உட்கார்ந்து!

நீ போவதானால் வாக்காளர் அட்டை போதும், நம் ரூபாயும் செல்லும். ஆனால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம் உண்டு.

மிளகாய் வற்றல் ஒரு பை வாங்கி வந்தேன், பாதி உனக்கு. வயிற்றுப்புண் ஆறிவிட்டதா என்று முதலில் எழுது, பிறகு அனுப்புகிறேன்.

அன்புடன்,
வேலாயுதம்