தொகுதி விளையாட்டு அரங்குகளில் டர்ஃப் பிட்ச் அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கிரிக்கெட் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், பெற்றோர் சார்பில்,
பரமக்குடி, ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்,
சென்னை.

பொருள்: தொகுதி விளையாட்டு அரங்குகளில் கிரிக்கெட் பயிற்சிக்கு டர்ஃப் பிட்ச் (களிமண்ணை உருட்டி இறுக்கிய இயற்கையான ஆடுதளம்) அமைத்து, அதைப் பராமரிக்க ஆள் நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்திய அணியை இந்திய மண்ணில் டெஸ்ட் தொடரில் வெல்வது நடக்காத காரியம் என்று பேசிய காலம் போய்விட்டது. 2024இல் நியூசிலாந்து வந்து மூன்று டெஸ்ட்டையும் வென்றது. நம்மை வீழ்த்தியது அவர்களுடைய சுழற்பந்து வீச்சு: புனேயில் சான்ட்னர் 13 விக்கெட், மும்பையில் அஜாஸ் படேல் 11 விக்கெட். அந்த மும்பை டெஸ்டில் 147 எடுத்தால் வெற்றி என்ற நிலையில் நம் அணி 121க்குச் சுருண்டது. 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா வந்தது. கொல்கத்தாவில் 124 ரன் இலக்கு, 93இல் முடிந்துபோனோம். குவாஹாட்டியில் 408 ரன் வித்தியாசத்தில் தோல்வி. அவர்களுடைய ஆஃப் ஸ்பின்னர் (விரலால் பந்தைச் சுழற்றி வீசுபவர்) ஹார்மர் இரண்டு டெஸ்டில் 17 விக்கெட் எடுத்தார்.

கோச்சை மாற்று, ஐபிஎல்லைக் குறை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் சிற்றூர் மைதானத்திலிருந்து பார்க்கிற எங்களுக்குத் தெரிவது வேறு. டர்ஃப் எனும் மண் பிட்ச்சில் ஆடி, சுழற்பந்துக்குப் பழகி வளரும் வாய்ப்பு பெரும்பாலும் பெருநகரப் பிள்ளைகளுக்கும், காசு கட்டி அகாடமியில் சேர முடிந்தவர்களுக்கும்தான் கிடைக்கிறது. இத்தனை கோடிப் பேர் உள்ள நாட்டில் அந்தச் சிலருக்குள்ளேயே ஆட்டக்காரர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பிள்ளைகள் ஆடுவது மேட்டிங் விக்கெட்டில். கெட்டித் தரைமேல் தேங்காய் நார் விரிப்பை இழுத்து விரித்து, ஓரங்களில் ஆணி அடித்து ஆடுவார்கள். பந்து சீராக எழும்பும். அந்த உயரம் பிடிபட்டுவிட்டால் கிரீஸை (மட்டை பிடிப்பவர் நிற்கும் கோட்டை) விட்டு நகராமலே ஆடிவிடலாம். பந்து வீசுபவருக்கும் இதே கதைதான். விரிப்பின் நாரே பந்தைப் பிடித்துத் திருப்பிவிடுவதால் விரலால் முறுக்கி வீச வேண்டிய கட்டாயம் இல்லை. டர்ஃபில் அப்படியல்ல. ஒரு பந்து தாழ்ந்து வரும், ஒன்று நின்று வரும், இன்னொன்று திரும்பாமல் சறுக்கிக்கொண்டு வந்து காலில் படும். இறங்கி ஆடுவதா, பின்னால் போவதா என்பது அந்த நொடியில் காலுக்குத் தெரிய வேண்டும். பதினைந்து, பதினாறு வயதுக்குள் பழகாத கால் அப்புறம் பழகுவது மிகக் கடினம்.

எங்களிடம் ஆஃப் ஸ்பின் வீசும் அரசுப் பள்ளி மாணவி ஒருவர் இருக்கிறார். மேட்டிங்கில் அவர் பந்துக்கு எங்கள் சீனியர் பையன்களே திணறுவார்கள். ஒரு தேர்வு முகாமில்தான் அவர் முதன்முதலாக டர்ஃபில் கால் வைத்தார். விரிப்பு கிழிந்துவிடும் என்பதால் இங்கே ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஷூ) போட விடுவதில்லை, ரப்பர் ஷூதான். அன்று இன்னொரு பெண்ணிடம் ஸ்பைக்ஸ் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். முன்கால் மண்ணில் பதிந்து அப்படியே நின்றுவிட்டது, வழக்கம்போல் பாதம் திரும்பவில்லை. பந்து பாதி தூரத்திலேயே குத்தியது. அடுத்தது தரையில் படாமலே போன ஃபுல்டாஸ். ஓவர் முடிந்ததும் வேறு பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். தேர்வாளர்களைக் குறை சொல்ல மாட்டோம், ஒரே நாளில் அத்தனை பேரையும் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள். 2025 நவம்பர் 2 அன்று நம் பெண்கள் நவி மும்பையில் உலகக் கோப்பையை வென்றதிலிருந்து மைதானத்துக்கு வரும் சிறுமிகள் கூடியிருக்கிறார்கள். அவர்களையும் இதே விரிப்பில்தான் இறக்கிவிடுகிறோம்.

சேலம் மாவட்டச் சிற்றூரான சின்னப்பம்பட்டியிலிருந்து வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் இந்திய அணிக்குப் போகவில்லையா என்று கேட்பார்கள். போனார். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். ஆனால் அதற்கு அவர் முதலில் சென்னைக்கு வந்து லீக் ஆட வேண்டியிருந்தது. பெயர் எடுத்தபின் சொந்த ஊரில் அவர் அமைத்தது ஒரு கிரிக்கெட் மைதானம். எது இல்லாமல் கஷ்டப்பட்டோம் என்பது அவருக்குத் தெரியும். மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையைத் தமிழ்நாடு இதுவரை 1954-55, 1987-88 என இரண்டே முறைதான் வென்றிருக்கிறது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

இதைக் கிரிக்கெட் வாரியம் அல்லவா செய்ய வேண்டும் என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 முதல் 2027 வரையான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மட்டுமே 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அந்த வாரியம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்தான் பதிவாகியிருக்கிறது. மண், ரோலர் செலவில் பங்கேற்கும்படி வாரியத்துக்கும் மாநிலக் கிரிக்கெட் சங்கத்துக்கும் ஆணையம் கடிதம் எழுத வேண்டுகிறோம். ஆனால் இடம் அரசிடம்தான் இருக்கிறது. ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் வந்து சேர்ந்ததற்கு நன்றி. மட்டை கைக்கு வந்தாயிற்று, இனி ஆடும் தரை வேண்டும்.

234 சட்டமன்றத் தொகுதிகளிலும் தலா 3 கோடி ரூபாயில் முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கம் என்பது அரசின் திட்டம். அந்த அரங்குகளில் முழு கிரிக்கெட் மைதானம் கேட்கவில்லை. ஒரு பிட்ச் 20 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். மூன்று பிட்ச்சுகளை ஓர் ஓரமாக அடுத்தடுத்துப் போட்டு, பந்து வீச ஓடிவரும் இடம் விட்டு, சுற்றிலும் வலை கட்டினால் பயிற்சிக்குப் போதும். முதலில் தென் மாவட்டங்களில் ஓர் அரங்கில் செய்து பார்க்கலாம்.

பிட்ச் போடுவதைவிட அதைக் காப்பதுதான் பெரிய வேலை. காலையில் தண்ணீர் விட வேண்டும், ஈரம் இழுத்ததும் ரோலர் ஓட்ட வேண்டும், ஆடி முடித்ததும் கால் பட்ட பள்ளங்களில் மண் இட்டு இறுக்க வேண்டும், மழை வருமுன் தார்ப்பாய் போட வேண்டும். எங்கள் வெயிலுக்குச் சில நாள் கவனிக்காமல் விட்டாலும் தரை பாளம் பாளமாக வெடித்துவிடும். அதனால் பயிற்சி பெற்ற ஒருவரை மாதச் சம்பளத்தில் நியமிக்க வேண்டும். ஆள் போட முடியாதென்றால் பிட்ச்சே போட வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு இது முக்கியம்.

மண்ணுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை என்று நம்புகிறோம். கண்மாய்களில் களிமண் இருக்கிறது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக மண் எடுக்க 2024இல் அரசு வழிசெய்தது. மண் ஆய்வில் தேறினால், விளையாட்டு அரங்குக்கும் அதே அனுமதி கிடைக்கத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பிட்ச் வந்தபிறகு அதைத் தனியார் அகாடமிக்குக் குத்தகைக்கு விட்டுவிடக் கூடாது. பள்ளி விட்டதும் மாலை நேரம் அரசுப் பள்ளி மாணவ மாணவியருக்குக் கட்டணமின்றி ஒதுக்கப்பட வேண்டும். அதில் பெண்களுக்கெனத் தனி நாட்கள் இருக்க வேண்டும்.

மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் இடம் பார்க்க வரும் நாளைத் தெரிவித்தால், கண்மாய் மண் மாதிரியோடு நேரில் வந்து விவரம் சொல்லத் தயாராக இருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், பெற்றோர்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், ராமநாதபுரம்.