டென்வர் கொடுத்துவிட்ட ஆள்

அன்புள்ள அம்மு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. வாசலில் கேஸ் சிலிண்டர் வந்து நின்றது, உன் அம்மா சில்லறை எங்கே என்று உள்ளேயிருந்து கத்தினாள், நீயும் "சரிப்பா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டாய். ராத்திரி படுத்த பிறகும் அது மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீளமாகத்தான் போகும், மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே, சிரிப்பார்.

நீ கேட்டது இதுதான்: "நாங்க தூக்கிக் கொடுத்த ஆளு எங்களையே தோக்கடிச்சுக் கப்பும் வாங்கிட்டான். அந்தத் திறமை இங்க இருக்கும்போதே இருந்துச்சா, போன இடத்துல வந்துச்சா?"

"நாங்க" என்கிறாய் பார். மதுரையில் பிறந்துவிட்டு டென்வர் கூடைப்பந்து அணியான நகெட்ஸுக்கு முழுப் பெண்ணாகிவிட்டாய். போகட்டும்.

நீ சொல்லும் ஆள், ஐசையா ஹார்ட்டென்ஸ்டைன், உங்கள் ஊருக்கு வந்தது 2020 நவம்பரில். அணிகள் முறை வைத்துப் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில், 2017இல் 43ஆவது ஆளாக ஹூஸ்டன் எடுத்தது, 2020இல் வேண்டாமென்று விட்டுவிட்டது. டென்வரில் அதே சென்டர் இடத்தில் அவருக்கு முன்னால் நின்றவர் யோகிச். அந்த சீசனில்தான் யோகிச் முதன்முறை எம்.வி.பி., அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கினார். அப்படிப்பட்ட ஆளுக்குப் பின்னால் பேக்கப் என்றால் என்ன கிடைக்கும்? ஆட்டத்துக்கு ஒன்பது நிமிடம் போல. 2021 மார்ச் 25 அன்று அவரை க்ளீவ்லாண்டுக்கு அனுப்பி ஜவேல் மெக்கீயை வாங்கினார்கள். சும்மா மாற்றிக்கொள்ளவும் இல்லை. வருங்கால டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமை இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பழைய மிக்ஸியைக் கொடுத்துக் கூடக் காசும் கொடுத்துப் புதிது வாங்குவோமே, அந்த மாதிரி. அந்தப் பழைய மிக்ஸிக்குத்தான் 2024இல் ஓக்லஹோமா சிட்டி மூன்று வருஷத்துக்கு 87 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தது.

அதற்காக டென்வரைத் திட்டாதே. அந்த வருஷம் அவர்கள் கப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். அதே நாளில்தான் ஆரன் கார்டனையும் வாங்கினார்கள், 2023இல் கப் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. 22 வயதுப் பையன் பழுக்கும்வரை காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை.

இப்போது என் கதை கொஞ்சம். நீ கேட்டதுதான், ஆனாலும் கேள். ரிங்குக்குக் கீழே நிற்கும் உயரமான ஆளை எங்கள் காலத்தில் சென்டர் என்று யாரும் சொல்ல மாட்டோம், பிவட் என்போம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் நான் இரண்டாவது பிவட். உயரம் ஆறடி மூன்று அங்குலம், கோர்ட்டில் எனக்குப் பெயர் ஒட்டகம். வார்ம்-அப்பில் வியர்த்து சட்டை நனைந்திருக்கும். அப்புறம் போய் பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த வியர்வை முதுகிலேயே ஆறும். ஃப்ளட்லைட்டைச் சுற்றும் ஈசல் ஷூவுக்குள் விழும். நான் லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பேன். கடைசியில் கோச் தலையை அசைப்பார். நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தில் இத்தனை வருஷத்தையும் காட்டிவிட வேண்டும் என்று பாய்வேன். ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க, முதல் ரீபவுண்டுக்கே எதிராளி தோள்மேல் ஏறி ஃபவுல், அடுத்த நிமிடம் இன்னொன்று. "உட்காரு" என்பார். ஒருநாள் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று, ஆளை வெளியேற்றும் ஐந்தாவது ஃபவுல் வரை வாங்கிவிட்டே வந்தேன். அதற்கு ஒரு மாதம் அந்த மனுஷன் என்னோடு பேசவில்லை.

ஆரம்ப வருஷங்களில் ஹார்ட்டென்ஸ்டைன் மேல் வந்த பெரிய குறையும் இந்த ஃபவுல்தான். ஆள் முரடு என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், அதில் பாதி அவசரம். க்ளீவ்லாண்டில் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அடுத்த வருஷம் க்ளிப்பர்ஸ். அங்கே பெஞ்ச் ஆட்களின் இரண்டாம் செட் ஆடும்போது பந்தை ஃப்ரீத்ரோ கோட்டருகே அவர் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்கள் அவரைச் சுற்றி வெட்டி ஓடினார்கள். அங்கேதான் எல்லோருக்கும் தெரிந்தது, இவர் ரீபவுண்ட் எடுக்க மட்டும் வந்தவர் இல்லை, பாஸ் கொடுக்கத் தெரிந்த பிவட் என்று. அப்புறம் அந்த ஷாட்: ரிங்குக்கு ஏழெட்டு அடி முன்பே நின்று, ஒரு கையால் பந்தை மெதுவாக மேலே தள்ளிவிடுவார். பார்க்க அழகே கிடையாது, கிணற்றில் வாளியை விடுகிற மாதிரி இருக்கும். ஆனால் விழும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இருந்தது, அம்மு. பாஸ் கொடுக்கிற கண் ஒருவனுக்கு 23 வயதில் திடீரென்று முளைக்காது. அவருடைய அப்பா ஃப்ளோரியன் ஜெர்மனியில் தொழில்முறை ஆட்டக்காரர், பையன் கோர்ட் ஓரத்தில் வளர்ந்தவன். ஆனால் டென்வரில் அதே வித்தையை உலகத்திலேயே நன்றாகச் செய்கிற யோகிச் ஏற்கெனவே ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐந்து பேரில் இருந்தார். கச்சேரியில் பெரிய வித்வான் பாடி முடித்த ராகத்தையே அடுத்து ஒரு பையனைப் பாடச் சொன்னால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? ஆனால் அந்த நாலைந்து மாதம் தினமும் பயிற்சியில் யோகிச்சோடு மோதியதும் வீணாகப் போயிருக்காது என்பது என் ஊகம்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. ஜேம்ஸ் வைஸ்மனை எடுத்துக்கொள். 2020 டிராஃப்டில் இரண்டாவது ஆள், ஏழடி உயரம். காலேஜில் ஆடியதே மூன்று ஆட்டம். முழங்கால் காயத்தால் 2021-22 சீசன் முழுக்கப் போனது. 2023 பிப்ரவரியில் கோல்டன் ஸ்டேட் அவரை டெட்ராய்ட்டுக்கு அனுப்பியது. அங்கே ஆட நேரம் கிடைத்தது, ஆனாலும் நிலைக்கவில்லை. பிறகு இந்தியானா போனார், 2024 அக்டோபரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. இடம் மாறினால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வரும்.

ஹார்ட்டென்ஸ்டைன் போன அதே நாளில் சிகாகோ பெஞ்சிலிருந்து வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டவர் டேனியல் காஃபர்ட். அவரிடம் பாஸெல்லாம் கிடையாது. ஓடுவார், குதிப்பார், மேலே வந்த பந்தை உள்ளே அடிப்பார். 2024இல் டல்லாஸ் போனதும் மேலே தூக்கிப் போட டோன்சிச் இருந்தார். அந்த மார்ச்சில் தொடர்ந்து 33 ஷாட் தவறவிடாமல் போட்டார், அந்தக் காலத்து சாம்பர்லினின் சாதனையான 35க்கு இரண்டே குறைவு. அந்த வருஷமே ஃபைனல் ஆடினார். இவருடைய முழுத் திறமை அவ்வளவுதான், அது முழுசாக வெளியே வந்துவிட்டது. எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும்.

என் விஷயத்திலும் இப்படித்தான். திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தபோது தண்டனை என்றுதான் நினைத்தேன். அங்கே பந்தை உருட்டி வந்து பாஸ் கொடுக்கும் ஒரு குள்ளமான கார்டு இருந்தான். நான் திரும்பும்போது பந்து சரியாக என் நெஞ்சுயரத்தில் வந்து நிற்கும். முதல் வாரமே நான் முதல் ஐந்தில். அதுவரை எனக்குக் கை சரியில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் முதல் ஐந்தில் வந்தாலும் பெஞ்ச் நம்மை விடாது. நியூயார்க்கில் ஹார்ட்டென்ஸ்டைன் முதல் ஐந்துக்கு நிலையாக வந்ததே 2023 டிசம்பரில் மிட்சல் ராபின்சனின் கணுக்கால் போனதால்தான். 2024 மே மாதம் இந்தியானாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் எதிர் ரிங்கடியிலேயே 12 ரீபவுண்ட் எடுத்தாரே, அது அந்த வாய்ப்பில் வந்தது. 87 மில்லியன் வாங்கிக்கொண்டு ஓக்லஹோமா போன பிறகும், 2025 ஃபைனலின் முதல் ஆட்டத்தில் அவரை உட்கார வைத்து சின்ன ஆட்களோடு தொடங்கினார் கோச் டெய்க்னால்ட். நான்காவது ஆட்டத்தில்தான் திரும்ப முதல் ஐந்து. நடுவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, கவனித்தாயா? நானாக இருந்தால் ஐந்து ஃபவுல்.

அந்த வருஷம் ஓக்லஹோமா உங்களை 125-93 என்று தோற்கடித்த அந்த ஏழாவது ஆட்டம் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, நீ அழுதாய் என்று. ஆனால் அன்று யோகிச்சை அதிகம் கட்டிப் பிடித்தது ஹார்ட்டென்ஸ்டைன் இல்லை, அதே அணியின் கார்டு கருசோ. ஆறடி ஐந்து அங்குலம்தான் உயரம். அவரைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் போடவேண்டும்.

பேரனுக்கு என்ன உயரம் இருக்கிறது இப்போது? போட்டோவில் ஃப்ரிட்ஜ் கைப்பிடியைத் தாண்டிவிட்ட மாதிரி தெரிகிறான். அவனை உடனே ரிங்குக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், கொஞ்ச நாள் கார்டு மாதிரிப் பந்தை உருட்டட்டும். அம்மா பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறாள், டப்பா மூடியில் டேப் ஒட்டியிருக்கிறது, மெதுவாகப் பிரி.

அன்புடன்,
அப்பா