உறை பிரிக்காத டிஸ்க்கை ஓட்டிப் பார்த்தது எப்படி? பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
(நிறுவனத்தின் பெயரை இங்கே எடுத்துவிட்டேன்)

பொருள்: 48 மணி நேர டிவிடிகள் மூன்று, டிவ்எக்ஸ் என்ற பழைய வகை வீடியோ டிஸ்க் ஒன்று. தவறான விவரத்துடன் விற்றது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆர்டர் எண், ரசீது, படங்கள், வீடியோ எல்லாம் இணைப்பில் உள்ளன. உங்கள் சேவைப் பிரிவு சென்னையிலிருந்து இயங்குகிறது, தமிழிலேயே எழுதலாம் என்று போனில் பேசிய தம்பி சொன்னார். நல்லதாகப் போயிற்று. ஆங்கிலத்தில் இவ்வளவு கோபப்பட எனக்கு வராது.

முதலில் உங்கள் விற்பனைப் பக்கத்தில் இருந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். "புதியது. உறை பிரிக்காதது. ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது." இந்த மூன்றும் ஒரே பொருளுக்கு, அதுவும் இந்தப் பொருளுக்கு, எப்படிப் பொருந்தும்? உறையைப் பிரித்த நிமிடத்திலிருந்து சுமார் 48 மணி நேரத்தில் படிக்க முடியாமல் போவதற்காகவே தயாரிக்கப்பட்ட டிஸ்க் இது. ஓட்டிப் பார்த்திருந்தால் உறை பிரிந்திருக்கும். உறை பிரியவில்லை என்றால் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. எது பொய் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பழைய வீடியோ சாதனங்களைச் சேர்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. லேசர் டிஸ்க், பீட்டாமேக்ஸ் கேசட், விசிடி எல்லாம் வீட்டில் இருக்கின்றன. இதற்காக என் மனைவி பேசுவதை இங்கே எழுத வேண்டாம். இல்லாமல் இருந்தது இந்தத் தானாக அழியும் டிவிடி மட்டும்தான். நான் இருப்பது டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரத்தில். ஃபிளெக்ஸ்பிளே என்ற நிறுவனத்தின் இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி, டிஸ்னியின் வீடியோ பிரிவான பியூனா விஸ்டா 2003 ஆகஸ்டில் ஈசி-டி என்ற பெயரில் சில ஊர்களில் விற்றுப் பார்த்தது. அதில் ஆஸ்டினும் ஒன்று. வாடகைக்கு எடுத்தால் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டும், ஒரு நாள் தாமதமானாலும் அபராதம். இதில் அந்தத் தொல்லையே இல்லை, பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று விளம்பரம் செய்தார்கள். விலை 5 முதல் 7 டாலர் வரை. ஒரு படம் பார்க்க ஒரு பிளாஸ்டிக் தட்டைக் குப்பைக்கு அனுப்புவதா என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். மக்களும் பெரிதாகச் சீந்தவில்லை. 2004இல் ஒரு கிறிஸ்துமஸ் படத்தைத் திரையரங்கில் ஓடும்போதே இந்த டிஸ்க்கிலும் விற்றுப் பார்த்தார்கள். அப்புறம் 2008இல் ஸ்டேப்பிள்ஸ் கடைகளில், பேனா பேப்பர் விற்கும் இடத்தில், சுமார் 5 டாலருக்கு மறுபடி வைத்தார்கள். அதுவும் நிற்கவில்லை.

ஆக, உங்களிடம் இருப்பது எவ்வளவு புதிதாக இருந்தாலும் பதினைந்து வருடத்துக்கு மேல் பழைய சரக்கு. "புதியது" என்று போடுவதற்கு முன் யாராவது இதை யோசித்திருக்க வேண்டும்.

நான் வாங்கியது படம் பார்க்க அல்ல. அந்தப் படங்கள் எல்லாம் வேறு வழியில் பார்க்கக் கிடைப்பவைதான். பிரித்ததும் சிவப்பாக இருக்கும் டிஸ்க் மெல்ல மெல்லக் கறுத்துப்போவதை இரண்டு நாள் தொடர்ந்து படம் பிடித்து, வேகமாக ஓடும் வீடியோவாகத் தொகுக்க வேண்டும் என்று ஆசை. அதற்காகக் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, விளக்கு வைத்து, பக்கத்திலேயே பழைய டிவிடி பிளேயரையும் தயாராக வைத்துவிட்டுத்தான் உறையைக் கிழித்தேன். உள்ளே இருந்த டிஸ்க் ஏற்கெனவே கறுப்பு. பிளேயரில் போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு "டிஸ்க் இல்லை" என்கிறது. வேறொரு பிளேயரிலும் அதே கதை. உறையைக் கிழித்ததிலிருந்து எல்லாம் வெட்டில்லாமல் ஒரே வீடியோவில் இருக்கிறது. அன்று மாலையே உங்களுக்கு அனுப்பினேன்.

உங்களிடமிருந்து முதலில் வந்த பதில்: மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள்.

துடைத்தால் போகிற அழுக்கு அல்ல இது. இதை விற்கிறவருக்கே இது எப்படி வேலை செய்கிறது என்று தெரியவில்லை என்பதால் எழுதுகிறேன். எந்த டிவிடியும் 0.6 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட இரண்டு பாலிகார்பனேட் தட்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்ததுதான். ஃபிளெக்ஸ்பிளே டிஸ்க்கில் அந்த ஒட்டுப் பசைக்குள் ஒரு சாயத்தைக் கலந்திருப்பார்கள். மெத்திலீன் நீலம் என்று பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள், அதன் நிறமில்லாத வடிவம். ஆக்சிஜன் படாதவரை அது சும்மா இருக்கும். உறையைப் பிரித்ததும் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் பிளாஸ்டிக்கைத் தாண்டி மெதுவாக உள்ளே போய் அந்தச் சாயத்தோடு சேரும். சாயம் நீலமாகும், சிவப்பு டிஸ்க்கில் அது கறுப்பாகத் தெரியும். டிவிடி பிளேயரின் லேசர் சுமார் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி. மெத்திலீன் நீலம் நன்றாக விழுங்குவதும் அதே சிவப்பைத்தான். லேசர் அந்தப் பசையைத் தாண்டித்தான் தகவல் இருக்கும் அடுக்கை எட்ட வேண்டும். பசை நீலமானால் ஒளி போய்த் திரும்பி வராது, பிளேயருக்கு எதுவும் தெரியாது. தகவல் உள்ளேயேதான் இருக்கிறது, முன்னால் திரை விழுந்துவிட்டது. எவ்வளவு அழகான யோசனை! அந்த வேதியியலுக்காகவே இதை வாங்க ஆசைப்பட்டேன்.

இதில் கவனிக்க வேண்டியது, கடிகாரம் ஓடத் தொடங்குவது பிளேயரில் போடும்போது அல்ல, காற்றுப் படும்போது. உறைக்குள்ளும் அது என்றென்றைக்கும் நின்றுவிடுவதில்லை. பிரிக்காத உறையில் சுமார் ஒரு வருடம் தாங்கும் என்பதுதான் அந்தக் காலத்திலேயே இதற்குச் சொன்ன ஆயுள். காற்றை ஒரேயடியாகத் தடுக்கும் உறை கிடையாது. பத்து, இருபது வருடம் கிடந்த உறைக்குள் டிஸ்க் உயிரோடு இருந்தால் அதுதான் அதிசயம். இந்த ஒரு வரியை உங்கள் விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தால், வாங்குவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்திருப்பேன். செத்த டிஸ்க் என்று தெரிந்தே காட்சிக்கு வைக்க வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கொடுக்கும் விலை வேறு.

இரண்டாவது பதில் இன்னும் சுவாரசியம். 48 மணி நேரத்துக்குப் பின் படிக்க முடியாமல் போவது இந்தப் பொருளின் இயல்பு, அதைக் குறையாகக் கருத முடியாது என்று எழுதியிருந்தீர்கள். அந்த 48 மணி நேரம் எனக்குக் கிடைத்திருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? நான் பணம் கொடுத்தது அந்த 48 மணி நேரத்துக்குத்தான். டிஸ்னியும் அதைத்தான் விற்றது, மக்களும் அதற்குத்தான் காசு கொடுத்தார்கள். ஃபிளெக்ஸ்பிளேகாரர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் சொன்னது சொன்னபடி நடந்த பொருள் அது. அதைக் காலம் போனபின் வாங்கி, காலம் போனதைச் சொல்லாமல் விற்றது நீங்கள்.

மூன்றாவது பதில், உறை பிரித்த பொருளைத் திரும்பப் பெற முடியாது என்ற உங்கள் விதி. சாதாரணப் பொருளுக்கு இது நியாயமான விதிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த டிஸ்க் வேலை செய்கிறதா என்று அறியப் பிரிப்பதைத் தவிர வழியே கிடையாது. பிரிக்காவிட்டால் குறை தெரியாது, பிரித்தால் உரிமை போய்விடும் என்றால் இதில் வாடிக்கையாளர் புகார் செய்யவே முடியாது. எங்கள் ஊரில் தேங்காய் விற்கிறவர் உடைத்துப் பார்த்து அழுகலாக இருந்தால் மறுபேச்சில்லாமல் வேறு காய் எடுத்துத் தருவார். உடைத்துவிட்டீர்களே என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்து அந்த டிவ்எக்ஸ் டிஸ்க்.

இதற்கு நீங்கள் போட்டிருந்த விவரம், "எல்லா டிவிடி பிளேயரிலும் ஓடும்." ஓடாது. எந்தக் காலத்திலும் ஓடியதில்லை. சர்க்யூட் சிட்டி என்ற அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலி 1998இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. சுமார் நாலரை டாலருக்கு டிஸ்க்கை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். முதல் முறை ஓட்டியதிலிருந்து 48 மணி நேரம் பார்க்கலாம். அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமென்றால் மறுபடி பணம். இதில் சாயம், ரசாயனம் எதுவும் இல்லை. டிஸ்க்கில் உள்ளது பூட்டிய தகவல், அதைத் திறக்கத் தனியாக ஒரு டிவ்எக்ஸ் பிளேயர் வேண்டும். அந்தப் பிளேயரை வீட்டுத் தொலைபேசி இணைப்பில் சொருக வேண்டும். அது அவ்வப்போது கம்பெனிக் கணினிக்குப் போன் போட்டு, யார் எதைப் பார்த்தார்கள் என்று கணக்குச் சொல்லும். தங்கள் வீட்டு டிவி தங்களைப் பற்றிப் போன் செய்து சொல்வது அப்போதே பலருக்குப் பிடிக்கவில்லை. 1999 ஜூனில் கடையைக் கட்டிவிட்டார்கள். 2001 நடுவில் அந்தக் கணினியும் நின்றது. கூடுதல் பணம் கட்டி, நிரந்தரமாகப் பார்க்க உரிமை வாங்கியிருந்தவர்களின் டிஸ்க்கும் அதோடு போயிற்று.

இதைப் பற்றிக் கேட்டதற்கு உங்கள் ஆள் சொன்னது, "டிவ்எக்ஸ் பிளேயர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது சார், கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளுங்கள்." அது வேறு டிவ்எக்ஸ். கம்ப்யூட்டரில் வீடியோவைச் சுருக்கும் அந்த மென்பொருளுக்கு, செத்துப்போன இந்த டிஸ்க்கைக் கிண்டல் செய்து அதே பெயரை வைத்தார்கள். இரண்டுக்கும் வேறு எந்த உறவும் இல்லை. பேசிய தம்பியைக் குறை சொல்லவில்லை, அந்த டிஸ்க் வந்தபோது அவர் பிறந்திருக்கவே மாட்டார். ஆனால் விற்பனைப் பக்கத்தை எழுதியவர் ஒரு பிளேயரில் போட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

ஒன்று சொல்கிறேன். சர்க்யூட் சிட்டி அந்தத் திட்டத்தில் 100 மில்லியன் டாலருக்கு மேல் இழந்தது. அப்படியும் திட்டத்தை நிறுத்தியபோது, அதற்கு முன் பிளேயர் வாங்கியவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் திருப்பிக் கொடுத்தார்கள். நான் உங்களிடம் கேட்பது அதைவிடக் குறைவு.

மூன்று 48 மணி நேர டிவிடிகளுக்கும் டிவ்எக்ஸ் டிஸ்க்குக்கும் நான் கட்டிய முழுத் தொகையும், கூரியர் கட்டணத்தோடு, வேண்டும். கடையில் வேறு பொருள் வாங்கிக்கொள்ள கூப்பன் தருவதாகச் சொன்னீர்கள், அது வேண்டாம். டிவிடிகளில் ஒன்றைத்தான் பிரித்தேன். மற்ற இரண்டும் உறையோடு அப்படியே இருக்கின்றன, உங்கள் பதில் வரும்வரை தொடமாட்டேன். சந்தேகம் இருந்தால் வீடியோ அழைப்பில் வாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே பிரித்துக் காட்டுகிறேன். இல்லையென்றால் உங்கள் கிடங்கில் அதே சரக்கு இன்னும் இருக்கிறதே, அதில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அது சிவப்பாக இருந்தால் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். இன்னொன்றையும் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

பணம் வந்ததும் எல்லா டிஸ்க்குகளையும் உங்கள் செலவில் திருப்பி அனுப்பத் தயார். "குப்பையில் போட்டுவிடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஈசி-டி விற்ற காலத்தில் பழைய டிஸ்க்குகளைத் திரும்ப வாங்கி மறுசுழற்சி செய்ய ஒரு ஏற்பாடாவது இருந்தது. இப்போது அதுவும் கிடையாது. விற்கிறவர்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

விற்பனைப் பக்கமும் இன்னும் மாறவில்லை. நேற்று இரவு பார்த்தேன், "ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது" அங்கேயே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, "உறைக்குள் டிஸ்க் படிக்க முடியாத நிலையில் இருக்கலாம், காட்சிக்கு மட்டும்" என்று போடுங்கள். டிவ்எக்ஸ் டிஸ்க்குக்கு, எந்தப் பிளேயரிலும் ஓடாது என்று போடுங்கள். விலையையும் அதற்குத் தகுந்தபடி வையுங்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் முறையிட்டு, இந்தக் கடிதத்தையும் வீடியோவையும் அவர்களுக்கு அனுப்புவேன். பதிலை மின்னஞ்சலில் எழுத்தாகத் தாருங்கள். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஆஸ்டின், டெக்சஸ்

இணைப்பு: ரசீது, விற்பனைப் பக்கத்தின் படம், உறை பிரித்த வீடியோ, உங்கள் மூன்று பதில்களின் நகல்