“யானை நின்றது தெரியவில்லை” என்ற அந்த வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

யானை தாக்கி ஒருவர் இறந்த செய்தி உங்கள் பத்திரிகையில் வரும்போதெல்லாம் அதைக் கடைசி வரிவரைக்கும் வாசிப்பவன் நான். “இருளில் யானை நின்றதை அவர் அவதானிக்கவில்லை” என்று எங்கேயாவது ஒரு வரி கிடக்கும். மின்வேலியைப் பற்றி, யானை வெடி போதாததைப் பற்றி, நட்டஈட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதெல்லாம் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த மனிதரின் கையில் அன்றிரவு என்ன வெளிச்சம் இருந்தது என்று யாரும் கேட்டதாகக் காணவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் வெல்லாவெளிப் பக்கம் நான்கு ஏக்கர் வேளாண்மை செய்கிறவன். நவகிரிக் குளத்துத் தண்ணீர். பெரும்போகத்தில் குடலை தள்ளத் தொடங்கினால், அதாவது நெல் கதிர் கட்டும் பருவம் வந்தால், அறுவடை வரைக்கும் எனக்கு இரவில் வீடு இல்லை, வயலில் கட்டிய காவல் குடிசையான வட்டை வாடிதான். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான இந்தப் படுவான்கரையில் வயல் காவல் செய்யும் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தை மாத இரவு. பனி இறங்கிவிட்டது. நானும் என் மச்சானும் வாடியிலிருந்து வாய்க்கால் கட்டுவரை ஒரு சுற்றுப் போய் வருவோம் என்று இறங்கினோம். என் கையில் அந்தக் கிழமைதான் பட்டணத்தில் வாங்கிய புது டோச் லைட். பெட்டியில் 50,000 லுமன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முன்பக்கத்தை இழுத்தால் வெளிச்சம் ஒடுங்கும், தள்ளினால் விரியும். கடைக்குள் சுவரில் அடித்துக் காட்டியபோது கண் கூசியது. 3,800 ரூபா கொடுத்தேன். அன்று மாலைதான் முழுதாகச் சார்ஜ் போட்டிருந்தேன். பாதி வழியில் இரண்டு தரம் சிமிட்டிவிட்டு அணைந்து போனது.

மச்சான் என் தோளைப் பிடித்தார். “ஆனை மணக்கிது. அசையாத மச்சான்.”

நின்றோம். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. யானை பயிரைப் பிடுங்கி, வேர் மண் போகக் காலில் அடிக்கும் அந்தச் சத்தம். கேட்டவர்களுக்குத் தெரியும். காற்று எங்கள் பக்கம் வீசியதால் அதன் மணம் எங்களுக்கு வந்தது, எங்கள் மணம் அதற்குப் போகவில்லை. பின்னுக்குப் பின்னாக, வரம்பைக் காலால் தடவித் தடவி வாடிக்கு வந்து சேர்ந்தோம். விடிந்த பிறகு போய் அடிச்சுவட்டை எண்ணினேன். நாங்கள் நின்ற இடத்துக்கும் அது நின்ற இடத்துக்கும் இடையே 22 எட்டு நடை. காற்று மாறி அடித்திருந்தால் உங்கள் பத்திரிகையில் அந்த வரி எங்கள் இருவருக்குமாக வந்திருக்கும்.

அதன் பிறகு நான் டோச் லைட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மருமகன் பொறியியல் படித்தவர், எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். அதோடு நானே வயலில் நின்று அடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதும் உண்டு.

முதலில் அந்த லுமன். டோச்சிலிருந்து மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் கொட்டுகிறது என்பதுதான் லுமன். அந்த வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அது சொல்லாது. தூரத்தைச் சொல்வது கண்டெலா என்ற இன்னொரு கணக்கு. ஒரே அளவு தண்ணீரை வாளியால் வீசி ஊற்றுவதும் குழாயால் பீச்சுவதும் போல. அமெரிக்காவில் 2009 இல் டோச் லைட்டுகளுக்கென்று எவ்.எல். 1 என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தார்கள். அதன்படி லுமனைப் போட்டவுடனே அளக்கக்கூடாது, 30 செக்கன் எரிந்த பிறகே அளக்க வேண்டும். எட்டும் தூரம் என்பது வெளிச்சம் பௌர்ணமி நிலவின் அளவுக்குக் குறைந்துபோகும் தூரம். கணக்கு இலேசானது: கண்டெலாவுக்கு வர்க்கமூலம் கண்டு இரண்டால் பெருக்கினால் மீற்றர் வரும். 10,000 கண்டெலா என்றால் 200 மீற்றர். 22,500 என்றால் 300 மீற்றர்.

ஆனால் 300 மீற்றரில் நிலவு வெளிச்சம்தான் விழும் என்றால், அங்கே சேறு பூசிக்கொண்டு நிற்கும் யானை நமக்குத் தெரியுமா? தெரியாது. தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தில் பாதியையோ மூன்றில் ஒன்றையோதான் நம் தூரமாக எடுக்க வேண்டும். எனக்குக் குறைந்தது 100 மீற்றரில் யானை யானையாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் வந்த வழியே திரும்ப நேரம் இருக்கும்.

போன வருடம் மருமகன் லீவில் வந்தபோது மூன்று டோச்சை வாடியில் வைத்துப் பார்த்தோம். வாய்க்கால் ஓரத்து மருதமரம் வாடியிலிருந்து 160 எட்டு நடை. அதன் அடியில் ஒரு கறுப்பு உரப்பையைத் தொங்கவிட்டுவிட்டு வந்தோம். என் 50,000 லுமன் டோச், வேறு பற்றரி போட்டும், மரத்தில் ஒரு நீலச் சதுரத்தை விழுத்தியது. பை தெரியவில்லை. மருமகன் கொண்டுவந்தது உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம், பெட்டியில் 1,000 லுமன் என்றுதான் போட்டிருந்தது, கூடவே 22,500 கண்டெலா. பை தெரிந்தது, அது காற்றில் ஆடியதும் தெரிந்தது. மூன்றாவது, என் தகப்பனாரின் பழைய ஐந்து பற்றரி டோச். அது மரம் இருக்கிற இடத்தை மஞ்சளாகக் காட்டியது, அவ்வளவுதான்.

அந்தப் பழைய டோச்சைப் பற்றி ஒரு வார்த்தை. 1978 நவம்பர் 23 சூறாவளி இரவில், எனக்கு 12 வயது, கூரை போன வீட்டிலிருந்து எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது அந்த வெளிச்சம்தான். அதனால் இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் வட்டைக்கு அது உதவாது. அதன் பற்றரிகள் மட்டுமே அரைக் கிலோ அளவில் வரும். காவலில் ஒரு கையில் யானை வெடி, மறு கையில் தீப்பெட்டி. இந்தப் பாரத்தை எங்கே பிடிப்பது? சின்ன டோச் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். சாரத்து மடிப்பில் செருகவோ, கயிறு போட்டு மணிக்கட்டில் தொங்கவிடவோ முடிய வேண்டும். வெடியைக் கொளுத்தும்போது கீழே வைக்க நேர்கிற டோச்சை இருட்டில் திரும்ப எடுப்பது கஷ்டம்.

சின்னதாக இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. பெரிய வெளிச்சம் பெரிய சூடு. சின்ன உடம்பால் அந்தச் சூட்டை வெளியே விட முடியாது. நல்ல டோச் சில நிமிடத்தில் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுது இல்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது. பெட்டியில் “10 மணித்தியாலம்” என்று போட்டிருந்தால் பத்து மணித்தியாலமும் முழு வெளிச்சம் என்று நினைக்க வேண்டாம். அந்த அளவுமுறையிலேயே, தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எண்ணிய நேரம்தான் அது. ஆகவே உச்ச வெளிச்சத்தை யானைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். வரம்பில் நடக்கக் குறைந்த வெளிச்சம் போதும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணித்தியாலம் மட்டில் எடுக்கும். ஒரு தரம் உச்சத்தில் அடித்துவிட்டு அணைத்தால் அந்தப் பழக்கம் போய்விடும், சுற்றிவர ஒன்றும் தெரியாது. மிகக் குறைந்த வெளிச்சம் ஒன்று இல்லாத டோச்சை நான் வாங்கமாட்டேன்.

காலடியில் வெளிச்சம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, புடையன் பாம்பு. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் வைக்கோலும் புடையனும் ஒரே நிறமாகக் கிடக்கும். கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த, நிறங்களை அதனதன் நிறமாகவே காட்டும் எல்.ஈ.டி. சில டோச்சுகளில் இருக்கிறது. அதில் அதன் முதுகுப் புள்ளிகள் பிரிந்து தெரிகின்றன. லுமன் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், இருந்தாலும் எனக்கு அதுதான் வேண்டும். பனியில் நெற்றியில் கட்டும் லைட்டைப் போட்டால் பனிதான் வெள்ளைச் சீலையாக முகத்துக்கு முன் நிற்கும். டோச்சை இடுப்பளவில் பிடித்து அடித்தால் அந்தச் சீலை விலகும். வாவியில் இறால் பிடிக்கிறவர்களுக்கு நெற்றி லைட் நல்லது, இரண்டு கையும் வேண்டுமே.

இனிப் பற்றரி. அன்றிரவு எங்களை ஏமாற்றியது அதுதான். இப்போதைய சின்ன டோச்சுகளில் போடுவது 18650 அல்லது 21700 என்ற லிதியம் பற்றரி. அந்த இலக்கம் அளவுதான்: முதலாவது 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும், இரண்டாவது 21க்கு 70. நல்ல கம்பனிகளின் 18650 பற்றரிகளே சுமார் 3,500 மில்லி அம்பியர் மணி கொள்ளளவில்தான் இருக்கும். என் டோச்சில் இருந்ததில் 9,900 என்று அச்சடித்திருந்தது. பலசரக்குக் கடைத் தராசில் வைத்தேன், 28 கிராம். உண்மையான 18650 ஒன்று 45 கிராம் அளவில் வரும். ஆசிரியர் அவர்களே, வாசகர்கள் வேறொன்றையும் நினைவில் வைக்காவிட்டாலும் இந்தத் தராசுச் சோதனையை வைத்துக்கொள்ளட்டும். 4,000க்கு மேல் எழுதிய 18650 பற்றரியைக் கண்டால் நிறுக்காமல் வாங்க வேண்டாம். கடைக்காரர் நிறுக்க விடாவிட்டால் அந்தக் கடையை விட்டு வாருங்கள்.

நான் வாங்கிய கடைக்குத் திரும்பப் போனேன். “பாவிச்ச பொருள் எடுக்க மாட்டோம்” என்றார்கள். அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அது ஒரு கடையின் வேலை மட்டும் இல்லை. அதே பெட்டி எத்தனையோ கடைகளில் தொங்குகிறது.

லிதியம் பற்றரியைச் சும்மா நினைக்க வேண்டாம். உதிரிப் பற்றரியைச் சில்லறைக் காசோடும் சாவியோடும் ஒரே பையில் போட்டால் இரண்டு முனைக்கும் இடையே மின் பாய்ந்து தீப்பிடிக்கலாம். சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கிடுகுக் கூரைக்குக் கீழே இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். உறை கிழிந்தது, ஊதியது எதையும் போட வேண்டாம். பட்டரி சார்ஜ் செய்ய வழியில்லாத இடங்களுக்குப் போகிறவர்கள், உதாரணத்துக்கு உகந்தையிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமம் நடக்கும் அடியார்கள், பென்டோச் பற்றரி போடும் டோச் ஒன்றையும் கூடவே எடுப்பது நல்லது. எந்தச் சின்னக் கடையிலும் அந்தப் பற்றரி கிடைக்கும், முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். யாத்திரை முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும், கசிந்தால் உள்ளே எல்லாவற்றையும் அரித்துவிடும்.

மழைக்கும் வாவித் தண்ணீருக்கும் ஐ.பி.எக்ஸ். என்ற அடையாளத்தைப் பாருங்கள். 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் கிடக்கலாம். எங்கள் வாய்க்காலுக்கு 7 வேண்டும். இழுத்துத் தள்ளும் டோச்சுகளில் பெரும்பாலானவற்றின் அந்த இடைவெளியால் தண்ணீர் உள்ளே போகும். என்னுடையதன் கண்ணாடிக்குள் இரண்டாம் இரவே ஈரம் பூத்தது. உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தால் போதும்.

பொத்தானையும் கடையிலேயே அமத்திப் பாருங்கள். ஒரு அமத்தில் வெளிச்சம் வர வேண்டும். என் அந்த 50,000 லுமன் டோச்சில் உச்சத்துக்கும் அணைப்பதற்கும் இடையில் மின்னி மின்னி எரிகிறது ஒன்றும் இருந்தது. கை நடுங்கும் நேரத்தில் அதுதான் வரும். அது யானையை விரட்டும் என்று கடையில் சொன்னார்கள். அதை நம்பி யாரும் கிட்டப் போக வேண்டாம். டோச் யானையை விரட்டுவதற்கு இல்லை, தூரத்தில் கண்டு விலகுவதற்கு.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரும்போக ஆரம்பக் கூட்டங்களில் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, எந்த இன நெல் என்றெல்லாம் முடிவெடுக்கிறோம். இரவுக் காவலுக்கு யார் என்ன வெளிச்சத்தோடு போகிறார்கள் என்பதை அங்கே பேசுவதே இல்லை. ஒரு கண்டத்துக்காரர், அதாவது ஒரே வயல்தொகுதியில் செய்கிறவர்கள், எல்லாரும் சேர்ந்து ஒரே மாதிரி நல்ல டோச்சை வாங்கினால் விலை குறையும், ஒருவர் பற்றரி மற்றவருக்குப் பொருந்தும். எங்கள் விவசாய அமைப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன், ஆறு பேர் சம்மதித்திருக்கிறார்கள். மற்ற வட்டைகளிலும் இதைப் பேச வைக்க, குடலை தள்ளும் காலத்துக்கு முன்பே உங்கள் பத்திரிகை ஒரு அரைப் பக்கம் ஒதுக்குமா? இன்னொன்று, யானைச் செய்தி எழுத வரும் நிருபர்கள் இறந்தவரின் கையில் இருந்த வெளிச்சம் எது, அது எரிந்ததா அணைந்ததா என்று வீட்டாரிடம் கேட்டு அதையும் எழுத வேண்டும்.

அந்த 50,000 லுமன் பெட்டியும் 28 கிராம் பற்றரியும் என்னிடம் இருக்கின்றன. படம் எடுக்க வேண்டுமென்றால் வட்டைக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

இங்ஙனம்,
வட்டைக் காவல்காரன்,
வெல்லாவெளி.