குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்தால் என் கணக்கு மைனஸில் போனது குறித்தும், பிடித்த தொகையைத் திருப்பித் தரக் கோரியும் புகார்

அனுப்புநர்:
சேமிப்புக் கணக்கு வாடிக்கையாளர்
(பெயர், கணக்கு எண் இணைப்பில் உள்ளன),
அம்பத்தூர், சென்னை – 600 053.

பெறுநர்:
முதன்மை நோடல் அலுவலர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
வங்கியின் தலைமை அலுவலகம்.

நாள்: 22.09.2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் வங்கியின் அம்பத்தூர் கிளையில் உள்ள என் சேமிப்புக் கணக்கிலிருந்து கடந்த ஜூலை முதல் செப்டம்பர் வரை குறைந்தபட்ச இருப்புக் கட்டணம், தவணை திரும்பிய கட்டணம், மிகைப்பற்று (இருப்புக்கு மேல் எடுத்த தொகை, ஓவர்டிராஃப்ட்) வட்டி என்ற பெயர்களில் 2,957 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. இந்தப் பிடித்தம் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கும் நியாயத்துக்கும் புறம்பானது என்பதால் அதைத் திருப்பித் தருமாறு கிளையில் எழுத்து மூலம் கேட்டேன். "சிஸ்டம் தானாகப் பிடிப்பது, எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்று வாய்மொழியாகச் சொன்னார்களே தவிர, எழுத்தில் பதில் தரவில்லை. ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஒரு ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தேன். அந்த நிறுவனம் சம்பளம் போடுவதற்காகத் திறந்த கணக்குதான் இது. குறைந்தபட்ச இருப்பு எதுவும் வேண்டாம் என்று சொல்லித்தான் அன்று கையெழுத்து வாங்கினார்கள். மார்ச் மாதத்தோடு வேறு நிறுவனத்துக்கு மாறினேன். புதிய சம்பளம் வேறு வங்கிக்குப் போகிறது. ஆனால் இருசக்கர வாகனக் கடனின் மாதத் தவணையான 2,640 ரூபாய் இந்தக் கணக்கிலிருந்தே நாச் எனப்படும் தானியங்கிப் பிடித்த முறையில் பிடிக்கப்பட்டு வந்தது. தமிழ்நாடு அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் இதே கணக்குக்குத்தான் வருகிறது. எனவே ஒவ்வொரு மாத இறுதியிலும் தவணைக்குப் போதுமான பணத்தை இதில் போட்டு வைத்தேன். சம்பளம் வருவது நின்றதும் கணக்கைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றி, மாதச் சராசரியாக 10,000 ரூபாய் இருப்பு வைக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்ததை எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. முதல் பிடித்தம் நடந்த பிறகு வந்த குறுஞ்செய்தியில்தான் அது தெரிந்தது.

நடந்ததைப் பாஸ்புக்கில் உள்ளபடியே எழுதுகிறேன். ஜூலை 1 அன்று இருப்பு 2,705 ரூபாய். தவணை போக 65 ரூபாய் மிஞ்சியிருக்க வேண்டும். ஜூலை 3 அன்று குறைந்தபட்ச இருப்புக் கட்டணமாக 500 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 90 ரூபாயும் ஆக 590 ரூபாயை எடுத்துக்கொண்டீர்கள். இருப்பு 2,115 ஆனது. ஜூலை 5 அன்று தவணை வந்தபோது 525 ரூபாய் குறைந்ததால் "போதிய பணமில்லை" என்று திருப்பி அனுப்பினீர்கள்; அப்படித் திருப்பியதற்கு இன்னொரு 590 ரூபாய். வாகனக் கடன் தந்த நிதி நிறுவனம் ஜூலை 9 அன்று மறுபடியும் அனுப்பியது. மறுபடியும் திருப்பி, மறுபடியும் 590 ரூபாய். 2,705 ரூபாயில் மிஞ்சியது 935. கையில் இருந்த பணத்தோடு அதிலிருந்து 900 ரூபாயையும் எடுத்துச் சேர்த்து, நிதி நிறுவனத்தின் பவுன்ஸ் கட்டணமான 590 ரூபாயுடன் தவணையை நேரில் கட்டினேன். அடுத்த தவணைகளைப் புதிய வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டேன். கணக்கில் 35 ரூபாய் இருந்தது.

என் புகாரின் மையம் அடுத்து நடந்ததுதான். ஆகஸ்ட் 4 அன்று, 35 ரூபாய் மட்டுமே இருந்த கணக்கிலிருந்து 590 ரூபாய் பிடித்தீர்கள். பாஸ்புக்கில் இருப்பு என்ற இடத்தில் 555.00 என்று அச்சாகி, பக்கத்தில் 'டிஆர்' என்று இருக்கிறது. கணக்கு எழுதிப் பழகிய எனக்கு அந்த இரண்டு எழுத்துக்கு விளக்கம் தேவையில்லை: நான் வங்கிக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஆகஸ்ட் 15 அன்று உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்ததும் அந்தக் 'கடன்' 555 ரூபாயும் 'தற்காலிக மிகைப்பற்று வட்டி' என்று 3 ரூபாயும் கழிந்து 442 ரூபாய் நின்றது. ஏ.டி.எம்.மில் 400 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. செப்டம்பர் 3 அன்று மறுபடியும் 590 ரூபாய் பிடித்ததில் கணக்கு 548 ரூபாய் மைனஸில் போனது. செப்டம்பர் 15 அன்று வந்த உரிமைத் தொகையில் அதுவும் 4 ரூபாய் வட்டியும் கழிந்தன. இப்படியே விட்டால் அரசு தரும் ஆயிரத்தில் பாதிக்கு மேல் மாதாமாதம் உங்கள் வங்கிக்கே போய்ச் சேரும்.

வாடிக்கையாளர் தன் இருப்புக்கு மேல் செலவு செய்து, வங்கி அந்தப் பணத்தைத் தன் கையிலிருந்து கொடுத்திருந்தால், அதற்கு வட்டி கேட்பதில் நியாயம் உண்டு. என் கணக்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் கேட்டு நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கடன் தரவில்லை. தவணை வந்தபோது 525 ரூபாய் குறைந்ததற்காக அதைத் திருப்பி அனுப்பிய அதே வங்கி, தன் கட்டணத்தைத் தானே எடுத்துக்கொள்வதற்காக மட்டும் 555 ரூபாய் மிகைப்பற்றை என் பெயரில் உருவாக்கி, அதற்கு வட்டியும் போட்டிருக்கிறது. இதை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எப்படி எழுதினாலும் நியாயம் என்று காட்ட முடியாது.

விதிப்படியும் இது தவறு. குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான அபராதக் கட்டணம் குறித்து ரிசர்வ் வங்கி 20.11.2014 அன்று வெளியிட்டு, 01.04.2015 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கை, இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும், அதைச் சரிசெய்ய ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும், கட்டணம் குறையும் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும், சேவைக்கு ஆகும் சராசரிச் செலவுக்குப் பொருந்தாத அளவில் இருக்கக் கூடாது, இந்தக் கட்டணத்தால் மட்டுமே எந்தச் சேமிப்புக் கணக்கும் மைனஸில் போகக் கூடாது என்று கூறுகிறது. முன்னறிவிப்பு எனக்கு வரவில்லை. அனுப்பியதாக நீங்கள் சொன்னால், அனுப்பிய நாளையும் வாசகத்தையும் காட்டுங்கள். கணக்கு மைனஸில் போனதற்குப் பாஸ்புக்கே சாட்சி. குறையும் தொகையில் 6 சதவீதம் அல்லது 500 ரூபாய், இதில் எது குறைவோ அது என்ற உங்கள் கட்டண அட்டவணை விகித முறையில்தான் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் 10,000 ரூபாயை அளவாக வைத்தால், ஐந்நூறோ ஆயிரமோ வைத்திருப்பவர் எப்போதும் உச்சவரம்பையே கட்டுவார். ஒன்பதாயிரம் வைத்திருப்பவருக்கு 60 ரூபாயோடு முடிந்துவிடும். இருப்பு குறையக் குறைய அபராதம் ஏறும் இந்த முறையில், கட்டவே முடியாதவர்களிடம்தான் அதிகம் வசூலாகிறது.

அந்தச் சுற்றறிக்கைக்கு முன்பே, 2014 ஏப்ரல் பணவியல் கொள்கை அறிக்கையில், வாடிக்கையாளரின் சிரமத்தையோ கவனக் குறைவையோ வங்கிகள் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளக் கூடாது என்றும், அபராதம் விதிப்பதற்குப் பதிலாக அத்தகைய கணக்குகளில் சேவைகளை, குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கின் அளவுக்குக் குறைத்து, இருப்பு உயர்ந்ததும் மீண்டும் வழங்கலாம் என்றும் ரிசர்வ் வங்கி தன் கருத்தைத் தெரிவித்திருந்தது. கடன் கணக்குகளின் அபராதக் கட்டணம் பற்றிய 18.08.2023 தேதியிட்ட சுற்றறிக்கையிலும், அபராதம் என்பது ஒழுங்கை ஏற்படுத்துவதற்கே அன்றி வருவாயைப் பெருக்கும் வழியாக இருக்கக் கூடாது என்று கூறியுள்ளது. நிலைமையோ வேறாக இருக்கிறது. 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டுமே இந்த வகையில் ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக நாடாளுமன்றத்தில் மத்திய அரசே தெரிவித்தது. பாரத ஸ்டேட் வங்கி 2020-லேயே இந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியன் வங்கியும் 07.07.2025 முதல் எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் இதை நீக்கிவிட்டது. இந்தக் கட்டணம் இல்லாமலும் வங்கி நடத்த முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஏ.டி.எம்., செயலி, குறுஞ்செய்தி எல்லாம் தருகிறோம், அந்தச் செலவை எங்கிருந்தாவது ஈடுகட்டியாக வேண்டும் என்று கிளையில் ஒருவர் சொன்னார். இங்கிலாந்து வங்கிகளும் இதைத்தான் சொல்லிவந்தன. அனுமதியற்ற மிகைப்பற்றுக் கட்டணம் குறித்த வழக்கில் 2009 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அக்கட்டணங்கள் வங்கிச் சேவைக்கான விலையின் ஒரு பகுதி என்பதால் அவற்றின் அளவு நியாயமா என்பதை அன்றைய நுகர்வோர் ஒப்பந்த விதிகளின் கீழ் ஆராய முடியாது என்று வங்கிகளுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. 2020 ஏப்ரல் முதல் அங்குள்ள நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான நிதி நடத்தை ஆணையம், மிகைப்பற்றுக்கு நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நிலையான தொகை வசூலிப்பதையே தடை செய்தது. அனுமதியற்ற மிகைப்பற்றுக்கு, அனுமதி பெற்றதற்கு ஆவதைவிட அதிக விலை வைக்கக் கூடாது என்றும் விதித்தது. நம் நாட்டிலோ சட்டமே நேரடியாகப் பேசுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(46) பிரிவு, ஒப்பந்த மீறலால் மறுதரப்புக்கு ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆவது பிரிவும், ஒப்பந்தத்தில் எந்தத் தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க இடம் தருவதில்லை. எந்த அலுவலரின் கையும் படாமல் கணினி நொடியில் திருப்பி அனுப்பிய ஒரு தவணைக்கு வங்கிக்கு 500 ரூபாய் இழப்பு ஏற்பட்டது என்று எந்த மன்றத்திலும் நிறுவ முடியாது என்றே நம்புகிறேன்.

இந்தத் தவணை திரும்பியதை நான் சிறிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பணமின்மையால் மின்னணுப் பணப் பரிமாற்றம் திரும்புவது, 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவின் கீழ் குற்ற வழக்குக்கே இடம் தரக்கூடியது. கட்ட வேண்டிய தொகையைக் கணக்கில் வைத்திருந்த என்னை அந்த நிலைக்குத் தள்ளியது உங்கள் பிடித்தம். தவணைக்கு இரண்டு நாள் முன்பு அந்த 590 ரூபாயை எடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

உரிமைத் தொகை பற்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோதே சில வங்கிகள் அந்தப் பணத்தைச் சேவைக் கட்டணத்துக்கு ஈடாகக் கழித்ததும், அப்படிச் செய்யக் கூடாது என்று மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வெளிப்படையாக அறிவித்ததும் இங்குள்ள எல்லா வங்கிகளும் அறிந்ததே. என் தெருவில் இந்தத் தொகையை நம்பித்தான் எரிவாயு சிலிண்டர் வாங்குகிறார்கள். கழிக்கப்பட்டதைக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பாஸ்புக்கைப் படிக்கத் தெரியாத பெண்களும் அவர்களில் இருக்கிறார்கள். "இந்த மாசம் கம்மியாத்தான் வந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் அவர்களுக்காகவும் சேர்த்தே இதைக் கேட்கிறேன்.

ஆகவே, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பிடித்த குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் 1,770 ரூபாய், தவணை திரும்பிய கட்டணம் 1,180 ரூபாய், வட்டி 7 ரூபாய், உங்கள் பிடித்தத்தின் விளைவாக நிதி நிறுவனத்துக்கு நான் கட்ட நேர்ந்த 590 ரூபாய், ஆக மொத்தம் 3,547 ரூபாயை, ஜி.எஸ்.டி.யைக் கழிக்காமல் என் கணக்கில் வரவு வைக்க வேண்டுகிறேன். ஜூலை தவணை திரும்பியதற்கு வங்கியின் பிடித்தமே காரணம் என்று நிதி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, என் கடன் வரலாற்றில் தாமதம் பதிவாகியிருந்தால் அதை நீக்க உதவ வேண்டும். இந்தக் கடிதத்தையே விண்ணப்பமாக ஏற்று, என் கணக்கைக் குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும். உங்கள் வங்கியில் எனக்கு வேறு சேமிப்புக் கணக்கு இல்லை. இதே வகையில் மைனஸில் தள்ளப்பட்ட பிற கணக்குகளையும், முக்கியமாக உரிமைத் தொகை வரும் கணக்குகளை, தாங்களே சரிபார்த்துப் பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும்.

30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டாலோ, வரும் பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் அதன் பின் நுகர்வோர் ஆணையத்திடமும் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பாஸ்புக் பக்கங்களின் நகல், பிடித்தம் குறித்த குறுஞ்செய்திகளின் நகல், நிதி நிறுவனத்தின் ரசீது, கிளையில் கொடுத்த கடிதத்தின் முத்திரையிட்ட நகல், பெயர் மற்றும் கணக்கு விவரம்.