செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, வருகை தந்துள்ள சொற்ப அங்கத்தவர்களே,

சென்ற ஆண்டில் நிர்வாக சபை ஆறு தடவை கூடியது. குளக்கட்டுச் சிரமதானமும் மரநடுகையும் வழமைபோல் நடைபெற்றன.

உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே ஆற்றில் நீர்வாழ் உயிரினங்களைக் கணக்கெடுத்த பணியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. “செயலாளர் புழு எண்ணப் போய்விட்டார்” என்ற பேச்சு என் காதுக்கும் எட்டியது. போத்தலில் அள்ளி ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் நீர், அள்ளிய வேளையின் நிலையை மட்டுமே காட்டும். வயலுக்கு மருந்தடித்த மறுநாள் ஆற்றில் கலந்து ஓடிப்போன நஞ்சு அதில் அகப்படாமலே போகலாம். வாரக்கணக்காக அந்நீரிலேயே வளரும் பூச்சிகளின் இளம் பருவங்களோ அதற்குத் தப்ப முடியாது. மே ஈ என்னும் பூச்சியினத்தின் அணங்குகளிற் (நீரில் வாழும் இளம் பருவங்களிற்) பல, ஒட்சிசன் குறைந்தாலும் பீடைநாசினி கலந்தாலும் முதலிலேயே மறைந்துவிடுகின்றன. நுளம்பு போன்ற ஒருவகைச் சிறு ஈயின் இளம் பருவமான சிவப்புப் புழுக்களோ, ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் ஈமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருளைக் கொண்டிருப்பதால், அழுகற் சேற்றிலும் வாழ்கின்றன. மாசைத் தாங்காத உயிரினங்களுக்குக் கூடிய புள்ளி கொடுக்கும், 1980ஐ அண்டிப் பிரித்தானியாவில் வகுக்கப்பட்ட முறையில் முன்னையவற்றின் பல குடும்பங்களுக்கு 10 புள்ளியும், பின்னையவற்றுக்கு 2 புள்ளியும் உண்டு. அக்குளிர்நாட்டு அட்டவணை எமது ஆற்றுக்கு அப்படியே பொருந்தாது என்பதால், ஓரிடத்தை மற்றோரிடத்துடன் ஒப்பிட மட்டுமே அதைப் பயன்படுத்தினோம். கற்களைக் காலாற் கிளறி வலையில் ஏந்தும் முறையும் மணலாற்றில் பலிக்கவில்லை; ஆகவே நீருக்குள் இறங்கி நிற்கும் மருதமர வேர்களை வலைக்குள் உலுப்பினோம். வடிச்சல் வாய்க்கால் கலக்கும் இடத்துக்கு மேலே அணங்குகளும், கீழே பெரும்பாலும் சிவப்புப் புழுக்களும் கிடைத்தன. இரண்டு தடவை எடுத்ததைக் கொண்டு எவரையும் குற்றஞ்சாட்ட இயலாது. இரு போகங்களிலும், மாரிவெள்ளத்துக்கு முன்னும் பின்னும், அதே இடங்களிற் பார்க்க வேண்டும்.

இப்பணிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினொருவர். ஆற்றுக்கு வந்தவர்கள் மூவர்; அவர்களுள் ஒருவர் என் மருமகன். முதலைப் பயம் என்றார்கள். அப்பயம் நியாயமானதே, ஆனால் கரையில் நின்று பார்த்துக் குரல் கொடுப்பதற்கே எமக்கு ஆள் தேவைப்பட்டது என்பதையும் பதிவு செய்கிறேன்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். விபரம் பொருளாளரிடம் உண்டு. வலைக்கும் அரிதட்டுக்கும் நான் கொடுத்த பணம், சந்தா நிலுவை சேர்ந்ததும் திருப்பித் தரப்படும் எனத் தீர்மானிக்கப்பட்டிருந்தது. நிலுவை சேரவில்லை.

உருப்பெருக்கும் வில்லை தந்துதவிய ஆசிரியருக்கும், தேநீர் வழங்கிய மாதர் பிரிவினருக்கும் நன்றிகள்.

இப்பொறுப்பில் தொடர எனக்குப் பெரும் விருப்பமில்லை. ஆயினும் பெரும்போக விதைப்புக்கு முன்னர் ஒரு தடவையேனும் அவ்விரு இடங்களிலும் வலை போட்டாக வேண்டும். சேற்றுக்கு அஞ்சாத நால்வர் இக்கூட்டம் கலைவதற்குள் பெயர் தந்தால் போதும். வலை என் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் கிடக்கிறது.