கருத்தடை பத்தி பொண்ணுங்களுக்கு யார் சொல்றது?

ஆசிரியருக்கு வணக்கம்,

டீனேஜ் பொண்ணு கருத்தடை மாத்திரை எடுக்குறான்னாலே ஒழுக்கம் கெட்டுப்போச்சுன்னு ஆரம்பிச்சுடுறாங்க, ஆனா பீரியட்ஸ் வலி தாங்க முடியாம, ரத்தப்போக்கு ஜாஸ்தியாகி டாக்டரே அந்த மாத்திரைய எழுதிக் குடுக்குற பொண்ணுங்களும் இருக்காங்கன்னு யாருக்கும் தோண மாட்டேங்குது. சின்ன வயசுங்கறது மட்டுமே எந்த கருத்தடை முறையையும் மறுக்க மருத்துவக் காரணம் இல்லன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

பாதுகாப்பில்லாம உறவு நடந்த பிறகு கரு தங்காம இருக்கப் போடுற அவசர மாத்திரை விஷயத்துலதான் குழப்பம் அதிகம். அதுல லெவோநார்ஜெஸ்ட்ரல்ங்கற மருந்துன்னா உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, போட்ட 2 மணி நேரத்துல வாந்தி எடுத்துட்டா திரும்பப் போடணும், ஏற்கனவே கரு தங்கியிருந்தா அது கலைக்காது. இதெல்லாம் டப்பாவுக்குள்ள மடிச்சு வெச்ச பேப்பர்ல பொடி எழுத்துல இருக்கு, கை நடுங்குற பொண்ணு அத எங்க படிக்கப் போறா? கருத்தடை மாத்திரை எதுவும் எச்ஐவியத் தடுக்காது, அதுக்கு காண்டம் வேணும்னும் யாராவது சொல்லணும்ல. அவள யாராவது கட்டாயப்படுத்தியிருந்தா மாத்திரையோட விட்டுடாம பாதுகாப்பும் குடுக்கணும், அதையும் யாரும் கேக்குறதில்ல.

பெத்தவங்களே, திட்டுறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. ஆசிரியர் சார், வாரம் ஒரு தடவ ஒரு மகப்பேறு டாக்டர வெச்சு கேள்வி பதில் போடுங்க, பேர் சொல்லாம கேள்வி அனுப்பவும் வழி பண்ணுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி